கரடி நலமாக இருக்கிறதா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, எழுதிவிட்டு அடித்தேன், அனைவரும் என்றால் இந்த வீட்டில் நானும், பால்கனித் தொட்டியில் உன் அம்மா வைத்துவிட்டுப் போன ரோஜாச் செடியும்தான். செடி நலம். என்னைப் பற்றி மெதுவாகச் சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேலையில் அந்தப் புது அதிகாரி இன்னும் சிடுசிடுக்கிறாரா. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதை நான் மறக்கவில்லை. லீவு சேர்ந்திருக்கிறது, இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும், வரட்டுமா, இல்லை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாய். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்காக லீவை வீணாக்காதே என்றேன். நீயும் சரிப்பா என்றாய். அப்புறம் சாப்பிட்டாயா என்று நான் கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய், நீங்க சாப்பிட்டாச்சா என்றாய், ஆச்சு என்றேன், வைத்துவிட்டோம். அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நேராக விஷயத்துக்கு வரத் தெரியாதவன் உன் அப்பா, தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடுவேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, குழாய்க்காரர் வந்து சரி செய்தார், வேலை முடிந்த பிறகும் அவரை உட்கார வைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்து அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரை விசாரித்தேன், மனிதர் பாவம், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் வீட்டுத் தையல்காரர் காலையில் மெஷினை ஓட்ட ஆரம்பித்தால் எனக்கு ஒரு தெம்பு வருகிறது, அவர் கடை அடைக்கிற நாளில் கட்டிடமே காலியாகிவிட்ட மாதிரி இருக்கிறது. சமையலில் தேறிவிட்டேன், அளவுதான் கைக்கு வரவில்லை, இன்னும் இரண்டு பேருக்கே போட்டுவிடுகிறேன், மிச்சத்தை மறுநாள் சூடு பண்ணிக்கொள்கிறேன். சாப்பாட்டு மேஜைக்குப் போவதில்லை, அங்கே உட்கார்ந்தால் எதிரில் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும், அதனால் அடுப்பங்கரையிலேயே நின்றபடி முடித்துக்கொள்கிறேன். இதையெல்லாம் நீ போனில் கேட்கவில்லை, சாப்பிட்டாச்சா என்று கேட்டாய், ஆச்சு என்றேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. சில நாள் சாயங்காலம் யாராவது கதவைத் தட்டி எதையாவது கேட்டால் என் குரல் கரகரவென்று வருகிறது, அன்றைக்குப் பூராவும் வாயைத் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. நான் கண் பார்த்துக் கண்ணாடி போட்டுவிட்ட பழைய கடைப் பக்கம் இப்போது போவதில்லை. அங்கே வந்திருக்கிற மெஷினில் தாடையை வைத்தால் போதும், அதுவே பவரைச் சொல்லிவிடுகிறது, நல்ல மெஷின்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் இதில் தெளிவா, அதில் தெளிவா என்று கேட்டுக் கேட்டே பிழைத்தவன் அங்கே போய் எதைக் கேட்பது.

ஆனால் சனிக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். நம் தெருமுனை நூலகத்துக்கு நான் பேப்பர் படிக்கப் போவது உனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டுக் கடை கண்ணிக்குப் போய்விடுகிறார்கள், அதுகள் புத்தக அலமாரிகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடுகின்றன. நூலகத்து அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் என் கையில் ஒரு கதைப் புத்தகத்தைத் திணித்து, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், இவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்துப் படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன், ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டவன் கதி இது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகளோ வாயையே பார்க்கின்றன, வேறு வழியில்லாமல் உன் கதையை எடுத்துவிட்டேன். கோபப்படாதே. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில், கடையில் என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து விளையாடியே கண் பார்க்கிற எழுத்துப் போர்டு முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாயே, அந்தக் கதை. உனக்கு நான் கண் பார்த்தபோது கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தாய், பிள்ளைக்குக் கண் கழுகுக் கண் என்று நான் வீட்டுக்கு வந்து பெருமை அடித்துக்கொண்டேன், மறுநாள் பள்ளிக்கூட வாசலில் நீ உன் அம்மா என்று நினைத்து யாரோ ஒரு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பாதித் தெரு நடந்துவிட்டாய், உன் அம்மா பின்னாலேயே ஓடி வந்து பிடித்தாள். நான் அடுத்த நாள் வேறொரு போர்டை மாட்டினேன், நீ அதைப் பார்த்தும் பழைய வரியையே அசராமல் ஒப்பித்தாய். கண்ணாடிக்காரன் மகளுக்குக் கண் தெரியாதது கண்ணாடிக்காரனுக்கே தெரியவில்லை என்று உன் அம்மா வருஷக் கணக்காகச் சொல்லிச் சிரித்தாள்.

பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆனால் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு குட்டிப் பெண், நான் அவளைப் பொக்கை என்று கூப்பிடுகிறேன், அவள் மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டாள். அவ சொன்ன எழுத்தெல்லாம் சரிதானே தாத்தா, அப்புறம் ஏன் அவளுக்குத் தெரியலைன்னு சொல்றீங்க என்றாள். யோசித்துப் பார், எழுத்து சரி, வரிசை சரி, ஒன்றுகூடத் தப்பில்லை, இருந்தும் அது தெரிந்து சொன்னதில்லை. ஏன் இல்லை. அன்றைக்கு அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன், பல நாளுக்குப் பிறகு வீட்டுக்குள் என்னோடு ஏதோ ஒன்று கூட வந்த மாதிரி இருந்தது. அதிலிருந்து வாரா வாரம் போகிறேன். ஒரு கதை, ஒரு கேள்வி, அவ்வளவுதான் எங்கள் பாடம். யாராவது எனக்குத் தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று சொல்லியாக வேண்டும், வாயால் சொன்னால் சண்டை வருகிறது என்பதால் அந்த அறைக்குள்ளேயே இடம் பிரித்துக்கொண்டார்கள். கண்ணால் பார்த்தது என்றால் ஜன்னலுக்குப் போய் நிற்க வேண்டும். யாரோ சொல்லிக் கேட்டது என்றால் கதவு. யோசித்துக் கண்டுபிடித்தது என்றால் அலமாரி. ஒன்றுமே இல்லை, தெரியாது என்றால் நடுவில் கிடக்கும் கம்பளம். முதலில் கம்பளத்தில் நிற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, மானப் பிரச்சினை, பொக்கைதான் முதலில் போய் நின்றாள், இப்போது சில வாரம் அங்கே இடம் போதவில்லை.

ஒரு வாரம் ஒரு கதை சொன்னேன், கேள். ரொட்டி சுடுகிறவரின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறாள், வாசலிலேயே ரொட்டி வாசனை, அப்பா வந்துவிட்டார் என்று குதிக்கிறாள். வாசனை எதிர் வீட்டிலிருந்து வருகிறது. ஆனால் அப்பாவும் அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் சீக்கிரமே வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அப்பா வீட்டில் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா. அப்பப்பா, அன்றைக்கு நடந்த அமளியில் நூலகத்து அம்மா எழுந்தே வந்துவிட்டார். எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பையன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு நான் வைத்த பெயர் வக்கீல், விடை சரி, போட்ட கணக்கு தப்பு, அதனால் மார்க் கிடையாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். எனக்கு உன் போர்டு கதைக்கும் பதில் அன்றைக்குத்தான் கிடைத்தது. நான் அவர்களுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை பாப்பா, கேட்கிறேன், அவர்கள் இடம் மாறி மாறி ஓடுகிறார்கள், நான் ஓரமாக ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் முடிந்து ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துப் போய்விடுவார்கள், தாத்தா டாட்டா என்று கத்திவிட்டுப் போகும்போது நான் வாசல் வரை போய்க் கையாட்டுவேன். அப்புறம் அடுத்த சனிக்கிழமைக்கு வெகுதூரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போன் செய்த அந்த வாரம் எனக்குக் கதை ஒன்றும் ஓடவில்லை, மனதில் உன் போனே சுற்றிக்கொண்டிருந்தது, அதனால் சனிக்கிழமை வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஓர் ஆறு, இந்தக் கரையில் ஒரு பெரிய கரடி, அந்தக் கரையில் அதன் குட்டி, குட்டி என்றால் குட்டியில்லை, வளர்ந்து தனியாகப் போய்விட்ட கரடி. பாலம் தூரத்தில் இருக்கிறது, சுற்றி வர நாளாகும். அதனால் இரண்டும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன, பெரிய கரடி தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரு விளக்கை ஏற்றி வைக்கும், விளக்கு எரிந்தால் நான் நலம் என்று அர்த்தம். அந்தப் பக்கம் குட்டியும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும். பெரிய கரடி நலமாக இருக்கிறது என்பது குட்டிக்குத் தெரியுமா, போய் நில்லுங்கள் என்றேன். கரடிக்கு விளக்கு ஏற்றத் தெரியுமா, கரடி விடுறீங்களா தாத்தா என்று வக்கீல் முதலில் என்னை ஒரு பிடி பிடித்தான், அப்புறம் எல்லோரும் மொத்தமாக ஜன்னலுக்கு ஓடினார்கள், கண்ணால் விளக்கைப் பார்க்கிறதே, தெரியாமல் என்ன. வக்கீல் மட்டும் அலமாரிக்குப் போனான், உடம்புக்கு முடியாமல் கிடந்தால் விளக்கு ஏற்ற முடியாது, அதனால் யோசித்தாலே தெரியும் என்றான். நானும் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பொக்கை கம்பளத்தை விட்டு நகரவில்லை. ஏன்மா என்றேன். வெளக்கு எரியுதுன்னுதான் அதுக்குத் தெரியும் என்றாள். வக்கீல் விடவில்லை, நலமாக இல்லாவிட்டால் விளக்கு எப்படி எரியும் என்று மடக்கினான். அவள் அவனைப் பார்த்து, “எங்க அம்மா அழும்போதும் லைட்டு போடுவாங்க” என்றாள்.

ஜன்னலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கம்பளத்துக்கு வந்தார்கள், வக்கீலும் கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தான். சரி, குட்டிக் கரடி என்னதான் செய்யும் என்று கேட்டேன். சுத்திப் போய்ப் பாக்கணும், வேற என்ன செய்யறது என்றாள் பொக்கை, கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. ஒரு பிள்ளை கேட்டது, பெரிய கரடியே வர வேண்டாம்னு சொல்லிச்சுன்னா. உடனே இன்னொன்று, அது ஏன் அப்படிச் சொல்லணும் என்றது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வக்கீல்தான் பிடித்தான், கதை சொன்னது நீங்கதானே தாத்தா, கரடி நல்லா இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியணுமே, நீங்க எங்க நிப்பீங்க, போய் நில்லுங்க என்றான். எல்லோருக்கும் ஒரே விதி என்று நானே சொல்லி வைத்திருந்தேன், மீற முடியுமா. அந்தக் குட்டி நாற்காலியை விட்டு எழுந்தேன். கம்பளத்தில் போய் நின்றுவிடலாம் என்றுதான் முதலில் கால் போனது, பொக்கை நகர்ந்து எனக்கு இடம்கூட விட்டாள். ஆனால் அங்கே நின்றால் அது பொய், எனக்குத்தான் தெரியுமே. ஜன்னலுக்குப் போனேன். வெளியே சைக்கிள் நிறுத்துமிடம், ஒரு குப்பைத் தொட்டி, அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கரடி நல்லா இருக்கா என்று பின்னாலிருந்து கேட்டார்கள். “இல்லை, நல்லா இல்லை” என்றேன்.

பாப்பா, உன் அம்மா போனதிலிருந்து எத்தனை பேர் என்னிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள், தையல்காரர், நூலகத்து அம்மா, மாப்பிள்ளை, நீ, அத்தனை பேருக்கும் ஒரே வரியைத்தான் ஒப்பித்திருக்கிறேன். நீங்கள் என்ன போர்டை மாட்டினாலும் அதே வரி. முதல் முதலாக உண்மையை வாயால் சொன்னது அந்தப் பிள்ளைகளிடம்தான், அதுவும் ஒரு கரடியின் பெயரில். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்ப குட்டி சீக்கிரம் போகணும் என்று முடிவு செய்துவிட்டு அவரவர் பைகளைத் தேடப் போய்விட்டார்கள். பொக்கையைக் கூட்டிப் போக அவள் அம்மா வந்தார், களைத்த முகம், இவள் ஓடிப்போய் அவர் முகத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து உற்றுப் பார்த்தாள், அப்புறம்தான் கையைப் பிடித்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் அம்மா சொல்லித் தெரிந்ததுதான், போனை அவள்தான் எடுப்பாள், நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவள் வைத்ததும் எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். சில நாள் நல்லா இருக்கா என்பாள். சில நாள், நல்லா இருக்கேன்னு சொல்றா என்பாள். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், இரண்டாவதைச் சொன்ன நாட்களில் அவள் போன் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருப்பாள், சில சமயம் மறுபடி உன்னைக் கூப்பிட்டும் இருக்கிறாள். அவளுக்கு உன் குரலில் என்ன கேட்டதோ, அந்தக் காது எனக்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ நல்லா இருக்கேன்பா என்று சட்டென்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனாய். அது எந்த நாள், முதல் மாதிரி நாளா, இரண்டாவது மாதிரி நாளா, கேட்டுச் சொல்ல இங்கே ஆள் இல்லை. உன் விஷயத்தில் நான் கம்பளத்தில்தான் நிற்கிறேன் பாப்பா. ஒருவேளை அந்தக் கரையிலும் ஒரு விளக்கு சும்மா எரிந்துகொண்டிருக்கிறதோ என்னவோ.

அதனால் லீவுக்கு எழுதிக் கொடு. மாப்பிள்ளைக்கு வர முடிந்தால் சந்தோஷம், முடியாவிட்டால் நீ மட்டுமாவது வா. வந்தால் நான் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன், தூங்க வேண்டும் என்றால் நாள் பூராவும் தூங்கு, மேஜையில் எதிர் நாற்காலியில் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு, அளவு தப்பாமல் இரண்டு பேருக்கே சமைத்து வைக்கிறேன். சனிக்கிழமை உன்னை நூலகத்துக்குக் கூட்டிப் போவேன், போர்டு ஒப்பித்த பெண் இவள்தான் என்று காட்டுவேன், பொக்கை உன்னை ஏதாவது கேட்பாள், தயாராக இரு. வந்ததும் உனக்குக் கண் பார்க்க வேண்டும், கண் பார்க்கிற பழைய கனத்த ஃபிரேமும் அதில் மாற்றி மாற்றிப் போடும் கண்ணாடிகளின் பெட்டியும் பரண் மேல் பத்திரமாக இருக்கின்றன, போர்டை மட்டும் புதிதாக வாங்கி வைக்கிறேன், மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது. குளிரில் வெறும் தலையோடு திரியாதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எப்படி இருக்கீங்க அப்பா என்று கேட்காதே, பழக்க தோஷத்தில் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவேன். என்றைக்கு வருகிறாய் என்பதை மட்டும் சொல்.

இப்படிக்கு,
ஜன்னலோரம் நிற்கும்
உன் அப்பா